7 டெஸ்லா எம்.ஆர்.ஐ: மூளை பளிச்... வயிறு மட்டும் ஏன் இருட்டு?

ஆபீஸ் மைக்ரோவேவ்ல சாம்பார் சாதம் சூடு பண்ணியிருக்கீங்களா? ஒரு இடம் ஆவி பறக்கும்; பக்கத்துலயே இன்னொரு இடம் ஜில்லுனு இருக்கும். அந்த டப்பாவுக்குள்ள அலைகள் செய்யுற அதே வேலைதான், உலகின் சக்திவாய்ந்த எம்.ஆர்.ஐ மெஷின்களையும் பாடாய்ப் படுத்துது.

நம்ம ஊர் ஸ்கேன் சென்டர்களில் இருப்பவை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா மெஷின்கள். டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அளவு. அது 7-ஐத் தொட்டால் 'அல்ட்ரா ஹை ஃபீல்டு'. காந்தம் வலுவானால் சிக்னலும் கூடும், நுணுக்கமான விஷயங்களும் தெரியும். 2017-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, நோயாளிகளைப் பரிசோதிக்க 7 டெஸ்லா மெஷினை முதன்முறையாக அனுமதித்தது. ஆனால் தலை, கை, கால்களுக்கு மட்டும். இதயம், கல்லீரல், புராஸ்டேட் எதுவும் லிஸ்ட்டிலேயே இல்லை. ஏன்?

அலைதான் வில்லன்!

காந்தம் செய்வது பாதி வேலைதான். உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலை அனுப்பித் தட்டி எழுப்பணும். அவை திருப்பித் தரும் சிக்னல்தான் படமாகிறது. காந்தம் வலுவாக ஆக, அலையின் அதிர்வெண்ணும் கூடணும். 1.5 டெஸ்லாவுக்கு 64 மெகாஹெர்ட்ஸ் போதும். 7 டெஸ்லாவுக்குக் கிட்டத்தட்ட 300.

அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். 1.5 டெஸ்லாவில் உடலுக்குள் ஓர் அலையின் நீளம் சுமார் அரை மீட்டர். 7 டெஸ்லாவில் சுமார் 12 சென்டிமீட்டர்தான். நம்ம இடுப்பின் அகலம் அதைவிட ரொம்ப அதிகம். அதனால் பல பக்கங்களிலிருந்து வரும் அலைகள் உள்ளே மோதிக்கொள்ளும். ஓர் அலையின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் காலி! படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும்.

ஒண்ணுக்குப் பதிலா எட்டு

வழக்கமான மெஷின்களில், நாம் படுக்கும் குகையின் சுவருக்குள் ஒரே பெரிய ஆன்டெனா ஒளிந்திருக்கும். 7 டெஸ்லாவில் அதற்குப் பதிலாக உடலைச் சுற்றி எட்டு அல்லது அதற்கும் மேற்பட்ட சின்ன ஆன்டெனாக்களை வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில், எவ்வளவு பலத்தில் அலையை அனுப்பணும் என்பதைத் தனித்தனியே மாற்றலாம். சரியாக அமைத்தால், புராஸ்டேட் இருக்கும் இடத்தில் எல்லா அலைகளின் மேடும் ஒன்றாக வந்து சேரும். வைஃபை ரவுட்டர் பல ஆன்டெனாக்களை வைத்து உங்க போனை நோக்கி சிக்னலைக் குவிக்குதே, அதே டெக்னிக்தான்.

ஆன்டெனாவின் வடிவமும் முக்கியம். வளைய வடிவம் தோலுக்கு அருகே நன்றாக வேலை செய்யும். ஆழத்துக்குப் போக, நீளமான கம்பி போன்ற 'டைபோல்' உதவும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 30 சென்டிமீட்டர் நீள டைபோலைத் துண்டுகளாகப் பிரித்து வடிவமைத்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 10.5 டெஸ்லாவிலேயே மனித உடலைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

சூடுதான் சிக்கல்

அலை குவிந்தால் படம் பளிச்னு வரும். ஆனால் கூடவே மின்புலமும் வேறெங்கோ குவிந்து, திசு சூடாகலாம். வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் உடல், தலைப் பகுதிகளில் 10 கிராம் திசுவின் சராசரி, கிலோவுக்கு 10 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான ஸ்கேனுக்கான சர்வதேச வரம்பு.

இதைக் கணக்கிட உதவுபவர்கள் டியூக்கும் எல்லாவும். நிஜ மனிதர்களின் ஸ்கேனிலிருந்து உருவான கம்ப்யூட்டர் உடல்கள் இவை. புது ஆன்டெனாவை முதலில் 'அணிந்து' பார்ப்பது பெரும்பாலும் இவர்கள்தான். ஆனா உங்க உடம்பு டியூக்கின் உடம்பு இல்லையே! தொப்பை வேறு, எலும்பு வேறு. அந்த வித்தியாசத்துக்கு இடம்விட்டே பவரைக் குறைத்து வைக்கணும். பவர் குறைஞ்சா படமும் மங்கும். இந்த இழுபறிதான் டிசைனர்களின் உண்மையான சவால்.

சூடு விஷயம் 1.5 டெஸ்லாவுக்கும் பொருந்தும். அடுத்த முறை ஸ்கேனுக்குப் போனால் கைகளைக் கோத்துக்கொள்ளாதீங்க, வெறும் காலோடு கால் உரசவும் வேண்டாம். தோலும் தோலும் தொட்டால் மின்சாரம் ஓட ஒரு வளையம் உருவாகி, சுட்டுவிடலாம். எங்காவது சுடுற மாதிரி இருந்தா, 'நம்ம பிரமையோ'ன்னு யோசிக்காம, கையில் கொடுத்திருக்கும் பந்தை உடனே அமுக்குங்க. அது அதுக்காகத்தான் இருக்கு!