கடைசி இடத்தின் தரவரிசை: பொறியியல் சேர்க்கை வாய்ப்பைக் கணிக்கும் முறை

சிங்கம்புணரியில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி பொறியியல் படிக்க விரும்பினால், கிழக்கே காரைக்குடியில் 1952-இல் தொடங்கப்பட்ட அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரியும், தென்மேற்கே மதுரையில் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-இல் நிறுவிய தியாகராசர் பொறியியல் கல்லூரியும் அவருக்கு அருகில் இருக்கின்றன. சென்னை வரை செல்ல மனம் இசைந்தால், 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி பொறியியல் கல்லூரியும், அழகப்பரின் கொடையால் 1944-இல் உருவான அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. இவற்றின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அனைத்தையும் வழங்குவது ஒரே அமைப்பு. அதுவே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு. அந்த அமைப்பு இயங்கும் விதம் தெரிந்த குடும்பம் தன் பிள்ளையின் வாய்ப்பைப் பெரும்பாலும் சரியாகவே கணிக்க முடியும் என்பதும், தெரியாத குடும்பம் அச்சத்தால் பெருந்தொகையை இழக்க நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் அடிப்படை.

1984 முதல் தமிழ்நாட்டில் நடந்துவந்த நுழைவுத்தேர்வு 2006-இல் நிறைவேறிய சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அளவுகோல். கணிதத்தின் 100 மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாகக் குறைக்கப்பட்டும் கூட்டப்பட்டு, 200-க்கு ஒரு கட்-ஆஃப் மதிப்பெண் கிடைக்கிறது. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றவரின் கட்-ஆஃப் 92, 42, 44 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 178 ஆகும். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண்களுக்குச் சமம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. பாட மதிப்பெண்கள் முழு எண்களாக இருப்பதால் கட்-ஆஃப் அரை மதிப்பெண் இடைவெளியில்தான் ஏறி இறங்கும். 0 முதல் 200 வரை அதற்கு 401 மதிப்புகளே சாத்தியம். தரவரிசைப் பட்டியலில் இடம்பெறுவோரோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். ஆகவே ஒரு மதிப்புக்குச் சராசரியாக 500 பேர் என்றாகிறது. கூட்டம் மிகுந்த நடுப்பகுதியில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். அரை மதிப்பெண் குறைந்தாலே தரவரிசையில் நூற்றுக்கணக்கான இடங்கள் பின்தள்ளப்படுவது இதனால்தான். ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களில் யார் முன், யார் பின் என்பதைக் கணித மதிப்பெண் முதலிலும், இயற்பியல் மதிப்பெண் அடுத்தும் தீர்மானிக்கின்றன. எல்லாமே சமமாகி, பிறந்த தேதியும் ஒத்துப்போனால், முன்கூட்டியே கணினி வழங்கிய ரேண்டம் எண் முடிவு செய்கிறது.

மதிப்பெண்ணை விடத் தரவரிசையே நம்பத்தக்க அளவு. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லாருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து உயர்கிறது. இடங்களின் எண்ணிக்கை அதற்கேற்ப உயர்வதில்லை. 2024-இல் 65 பேர் 200-க்கு 200 கட்-ஆஃப் பெற்றனர். 2025-இல் அவ்வாறு பெற்றவர்கள் 144 பேர். முழு மதிப்பெண்ணின் பொருளே ஓராண்டில் இவ்வளவு மாறும்போது, சென்ற ஆண்டு 178-க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டும் 178-க்குக் கிடைக்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

கல்லூரிகளின் கட்-ஆஃப் என்று நாளிதழ்களில் வெளிவரும் எண்ணை எந்தக் கல்லூரியும் முன்கூட்டி விதிப்பதில்லை. ஒரு பாடப்பிரிவில் கடைசி இடத்தைப் பெற்றவர் எடுத்திருந்த மதிப்பெண்தான் அது. அந்தக் கடைசி இடமும் ஒன்றன்று. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டின்படி பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியலினத்தவருக்கு அருந்ததியரின் 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு வழங்கப்படுகின்றன. எஞ்சிய 31 விழுக்காடு அனைவருக்கும் பொதுவான போட்டி. ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இடம் வேறு ஒருவருக்குரியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2021-இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு, இந்தப் பிரிவுகளுக்குள்ளேயே மற்றொரு தனி வரிசையை உருவாக்குகிறது. சிங்கம்புணரி அரசுப் பள்ளி மாணவி ஒருவர் பொதுப் பட்டியலின் எண்ணைப் பார்த்து மனம் தளர்வது, தமக்குரிய வரிசையை விட்டுவிட்டு வேறொருவரின் வரிசையில் நின்று தம்மை அளந்துகொள்வதாகும்.

எனவே கணிப்புக்கு ஏற்ற வழி, விரும்பும் கல்லூரியிலும் பாடப்பிரிவிலும் தம் சமூகப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணை, கடந்த மூன்று ஆண்டுகளுக்கேனும் எடுத்துப் பார்ப்பதாகும். மூன்று எண்களிலும் மிகக் கடினமான ஆண்டின் எண்ணைவிடத் தம் எண் முன்னே இருந்தால் இடம் ஏறக்குறைய உறுதி. மூன்றுக்கும் இடையில் விழுந்தால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மூன்றுக்கும் பின்னே என்றால் வாய்ப்பு அரிது. ஒற்றை ஆண்டின் எண்ணில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. கல்லூரிகளின் இடங்களும் மாறுகின்றன: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல் நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு இட வரம்பைத் தளர்த்தியபின், கணினி அறிவியலும் அதன் கிளைப் பிரிவுகளும் பல கல்லூரிகளில் விரிந்தன. அத்தகைய பிரிவுகளில் பழைய எண் கடுமையாகத் தோன்றினாலும் இன்றைய நிலை சற்று இளகியிருக்கக்கூடும்.

கணிப்பை எங்கே பயன்படுத்துவது, எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதில்தான் பெரும் பிழை நேர்கிறது. 1997-இல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் 2017 வரை மாணவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் சென்று, திரையில் தெரியும் காலியிடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். 2018-இல் இணையவழிக் கலந்தாய்வு வந்தபின், காலியிடம் தெரியாமலேயே விருப்பப் பட்டியலை முன்கூட்டித் தர வேண்டியிருக்கிறது. அதனால், எட்டாத கல்லூரியை மேலே எழுதினால் எட்டக்கூடியதும் கைநழுவும் என்ற அச்சம் பரவியிருக்கிறது. அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. கணினி ஒவ்வொரு சுற்றிலும் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, அவருக்குத் தகுதியுள்ள இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தை வழங்குகிறது. கிடைக்காத விருப்பம் வெறுமனே கடந்து செல்லப்படுகிறதேயொழிய, அதனால் அடுத்த விருப்பத்தின் வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை. 1962-இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் கல்லூரிச் சேர்க்கை பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை இத்தகைய முறைகளைக் கணித வழியில் ஆராய்ந்து வருகிறது; ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது இத்துறைக்காகவே. தரவரிசைப்படி ஒருவர்பின் ஒருவராக இடம் தரும் முறையில் உண்மையான விருப்பத்தை விரும்பிய வரிசையிலேயே எழுதுவதே சிறந்தது என்பது நிறுவப்பட்ட முடிவு. கணிப்பு அங்கே உதவுவது பட்டியலின் அடிப்பகுதிக்குத்தான்: உறுதியாகக் கிடைக்கக்கூடிய சில இடங்கள் கீழே இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு.

கணிப்பு இன்றியமையாததாகும் வேறோர் இடம் உண்டு. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. மீதி நிர்வாக ஒதுக்கீடு. கலந்தாய்வில் எதுவும் கிடைக்காது என்று நம்பிய பெற்றோர் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுவது சிறு நகரங்களில் வழக்கமாகிவிட்டது. தரவரிசை எண் கைக்கு வந்தபின் மூன்றாண்டு எண்களோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தால், அதே கல்லூரியில் அரசுக் கட்டணத்திலேயே இடம் கிடைத்திருக்கும் என்பது அவர்களில் பலருக்கு விளங்கியிருக்கும். இழப்பு கட்டண வேறுபாட்டோடு முடிவதுமில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியே சேர்ந்தவருக்கே உரியது, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்ட மாணவருக்கு இவை இரண்டுமே கிடைப்பதில்லை.