தேர்வும் ஊக்கமும்

நுழையும்முன்

தொடங்கும்போது இருக்கும் ஆர்வம் முடியும்வரை நிலைப்பதில்லை என்பது கற்போர் பலரின் குறை. தேர்வு நெடுந்தொலைவில் இருக்கும்போது இக்குறை மேலும் பெரிதாகிறது. மேலாண்மைக் கல்விக்கான நுழைவுத்தேர்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது, ஏன் தளர்கிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தறியும் மேலாண்மையும்

பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கோயில்களாலும் பட்டாலும் புகழ்பெற்ற காஞ்சிபுரம் இதன் அண்டையில் உள்ளது. இப்பகுதியில் வளரும் மாணவர்க்குத் தறியின் ஓசை புதிதன்று. ஆனால், அத்தறிக்குப் பின்னால் ஒரு பெரிய மேலாண்மைப் பாடம் இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு பட்டுச்சேலை தறியிலிருந்து இறங்கப் பல நாள்கள் ஆகின்றன. அதற்கான பட்டு நூலில் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நூல் விலை ஏறும்போது எவ்வளவு வாங்கி இருப்பு வைப்பது? முகூர்த்த நாள்களுக்கும் தீபாவளிக்கும் முன்னதாக எத்தனை சேலைகளை ஆயத்தமாக வைப்பது? நெய்தவரின் கூலியும் குறையாமல், வாங்குவோரும் விலகிச் செல்லாமல் விலையை எவ்வாறு வரையறுப்பது? இவை யாவும் மேலாண்மை வினாக்களே. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், 1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இவ்வினாக்களுக்கு விடைகாண முயன்றவையே ஆகும்.

மேலாண்மைக் கல்வி என்றவுடன் பெருநகரக் கட்டடங்களும் உயர்ந்த ஊதியமும் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஊதியம் தேவையானதே. ஆயினும், அது மட்டும் நோக்கமாக இருந்தால், படிப்பு கடினமாகும் நாளில் மனம் எளிதில் விலகிவிடுகிறது. தன் வீட்டிலும் தெருவிலும் கண்ட சிக்கலுக்கு விடை தேடும் மாணவர்க்கோ, படிப்பதற்கான காரணம் நாள்தோறும் கண்முன் நிற்கிறது. ஊக்கத்தின் முதல் ஊற்று இத்தகைய நோக்கமே.

தேர்வின் இயல்பு

இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதலிரண்டும் 1961ஆம் ஆண்டில் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிறுவப்பட்டன. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் 2011ஆம் ஆண்டு ஒரு கழகம் தொடங்கப்பட்டது. இவற்றின் முதுநிலைப் படிப்புகளில் சேர ‘கேட்’ எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வு ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது. பட்டப்படிப்பை முடித்தோரும் அதன் இறுதியாண்டில் பயில்வோரும் இதனை எழுதலாம். அண்மைய ஆண்டுகளில் இத்தேர்வு இரண்டு மணிநேரம் நடைபெறுகிறது. ஆங்கிலப் படிப்புத்திறன், தரவு விளக்கமும் தருக்கமும், கணக்கு என்னும் மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

கணக்குப் பகுதியில் விகிதம், விழுக்காடு, காலமும் வேலையும், இயற்கணிதம், வடிவியல் போன்ற பள்ளிப் பாடங்களே பெரிதும் இடம்பெறுகின்றன. எனவே, பதினோராம் வகுப்பு மாணவருக்கு இத்தேர்வு முற்றிலும் அயலானதன்று. தமிழ்வழியில் பயில்வோர் ஆங்கிலப் பகுதியை எண்ணி அஞ்சுவதுண்டு. அப்பகுதி பெரும்பாலும் ஒரு பத்தியைப் படித்து அதன் கருத்தை உணரும் திறனையே அளக்கிறது. நாளொன்றுக்கு ஒரு பக்கம் எனப் படிக்கும் பழக்கம் இன்றே தொடங்கினால், பட்டப்படிப்பு முடியும்போது அந்த அச்சத்திற்கு இடமிராது.

தளர்ச்சி பிறக்கும் இடம்

பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றுப் பழகிய மாணவர், முதல் மாதிரித் தேர்வில் நூற்றுக்கு இருபது பெற்றதும் மனம் உடைந்துபோகிறார். தமக்கு அறிவு போதவில்லை என்று முடிவு கட்டுகிறார். நுழைவுத்தேர்வுக்கு ஆயத்தமாவோர் பலர் பாதியில் விலகும் இடம் இதுவே. ஆனால், இம்முடிவு தேர்வின் இயல்பை அறியாததால் ஏற்படுவது.

பள்ளித் தேர்வு, கற்பித்ததைக் கற்றோமா என்று பார்க்கிறது. நுழைவுத்தேர்வோ, இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரிலிருந்து சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே, எவராலும் முழுமையாக முடிக்க இயலாத அளவில் வினாக்கள் அமைகின்றன. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண் கிடைக்கிறது. விருப்பத்தேர்வு வினாவில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படுகிறது. எந்த வினாவை விடுவது என்று அறிவதும் இங்கு ஒரு திறனே. அண்மைய ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியை ஒட்டிப் பெற்றோரே முன்னணியில் இடம்பெற்றுள்ளனர். ஆதலால், தொடக்கத்தில் பெறும் குறைந்த மதிப்பெண்ணைத் தம் தகுதிக்கான தீர்ப்பாகக் கொள்ளாமல், பயணம் தொடங்கும் இடத்தைக் காட்டும் குறியாகவே கொள்ளவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

நூற்றுமானம் என்பதும் விழுக்காடு என்பதும் வேறுவேறு. ஒருவர் 90 நூற்றுமானம் பெற்றார் என்றால், அவர் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் பெற்றார் என்பது பொருளன்று. தேர்வு எழுதியோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரைவிட முன்னிலையில் உள்ளார் என்பதே பொருள்.

வள்ளுவர் வகுத்த வரிசை

ஊக்கத்தைப் பற்றித் திருக்குறள் தனி அதிகாரமே வகுத்துள்ளது. பொருட்பாலில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரமாகவும், மடியின்மை 61ஆம் அதிகாரமாகவும், ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரமாகவும், இடுக்கண் அழியாமை 63ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இவ்வரிசை எண்ணத்தக்கது. ஊக்கத்தைக் கூறியவுடன் அதனை அரிக்கும் சோம்பலை விலக்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். அதன்பின் இடைவிடா முயற்சியை வலியுறுத்துகிறார். முயன்றாலும் துன்பம் வரக்கூடும் என்பதால், அதற்குக் கலங்காமையை இறுதியில் வைக்கிறார். ஊக்கம் தனித்து நிற்பதன்று. அதைத் தொடர்ந்துவரும் மூன்றும் இல்லையேல் அது நிலைக்காது என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது.

மனம் விரும்பும்போது படிக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த நேரம் அரிதாகவே வாய்க்கிறது. மனம் விரும்பாத நாளிலும் குறித்த நேரத்தில் அமர்ந்து ஐந்து கணக்குகளைப் போடத் தொடங்குபவருக்கு, மூன்றாவது கணக்கிலேயே ஈடுபாடு பிறந்துவிடுகிறது. ஊக்கம் செயலைப் பிறப்பிப்பதுபோலவே, செயலும் ஊக்கத்தைப் பிறப்பிக்கிறது. ‘இந்த ஆண்டு வெல்வேன்’ என்னும் உறுதிமொழியைவிட, ‘இன்று இந்த ஐந்து கணக்குகளை முடிப்பேன்’ என்னும் சிறிய திட்டம் வலிமையானது. முன்னது நிறைவேறியதா என அறிய ஓராண்டு ஆகும். பின்னது அன்று மாலையே மனநிறைவைத் தந்துவிடும்.

பிழைகளைக் குறித்துவைக்கத் தனியே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. விடை தவறியதற்குக் காரணம் பாடம் தெரியாமையா, வினாவைச் சரியாகப் படிக்காமையா, அவசரமா என்று எழுதிவைத்தால், தோல்வி என்னும் பெரிய சொல் திருத்தக்கூடிய சிறுசிறு பிழைகளாகப் பிரிந்துவிடும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியைவிட்டு எழுந்து சென்றுவிடுவதில்லை. அறுந்த இடத்தைக் கண்டு, முடிந்து, மீண்டும் நெய்கிறார்.

ஒரு வாழ்க்கைச் சான்று

சென்னை மடிப்பாக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சரத்பாபு ஏழுமலை. அவருடைய தாயார் இட்லி விற்றும், மதிய உணவுத் திட்டத்தில் சிறு ஊதியத்திற்குப் பணிபுரிந்தும் குழந்தைகளைப் படிக்கவைத்தார். சரத்பாபுவும் பள்ளி விடுமுறையில் புத்தகம் தைக்கும் வேலை செய்து பொருளீட்டினார். பிலானியில் பொறியியல் பயின்றபின், குடும்பத்தின் கடனைத் தீர்ப்பதற்காகச் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். பணியில் இருந்துகொண்டே நுழைவுத்தேர்வுக்கு ஆயத்தமாகி, அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் இடம்பெற்றார்.

2006ஆம் ஆண்டு படிப்பை முடித்த அவர், உயர்ந்த ஊதியம் தரும் வேலையைத் தேடிச் செல்லாமல் உணவு வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இட்லி விற்ற தாயின் உழைப்பை அருகிருந்து கண்டவர், பிறருக்கு வேலை தரவேண்டும் என்று விரும்பியதன் விளைவு அது. வேலையும் கடனும் நேரத்தைப் பறித்தபோதும் அவரைப் படிப்பில் நிறுத்தியது, எதற்காகப் படிக்கிறோம் என்னும் தெளிவே எனலாம்.

வெற்றியின் எல்லை

ஊக்கமும் உழைப்பும் உடையோர் அனைவருக்கும் இடம் கிடைத்துவிடும் என்று கூறுவது உண்மையாகாது. இடங்கள் குறைவு, எழுதுவோர் மிகுதி. முதல் முயற்சியில் இடம் கிடைக்காதோர் மீண்டும் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டான்செட்’ தேர்வின்வழி தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மேலாண்மை பயிலலாம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவுடன் சேரத்தக்க ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை இந்தூர்க் கழகம் 2011ஆம் ஆண்டு தொடங்கியது. வழி ஒன்றே என்று எண்ணுபவரை அச்சம் வாட்டும். வழிகள் பல என்று அறிந்தவர் அமைதியாகப் படிப்பார். உறக்கத்தைக் குறைத்துக்கொள்வதும், பிறர் மதிப்பெண்ணோடு நாள்தோறும் ஒப்பிட்டு வருந்துவதும் ஊக்கமாகா. மனச்சோர்வு நீடிக்கும்போது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுவது அறிவுடைமையே.

தேர்வுக்காகப் பழகிய கூர்ந்த வாசிப்பும், தெளிந்த கணக்கீடும், பிழையைத் தானே கண்டு திருத்தும் பண்பும் தேர்வு முடிந்தபின்னும் மாணவரைவிட்டு நீங்குவதில்லை. தேர்வின் முடிவு எதுவாயினும், அவை அவருடைய உடைமைகளே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் முதன்மைத் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் எழும் மேலாண்மை வினாக்கள் ஐந்தினை எழுதுக.
2. ஒரு வாரம் பிழைக் குறிப்பேடு எழுதி, மிகுதியாகக் காணப்படும் பிழையின் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ‘செயலும் ஊக்கத்தைப் பிறப்பிக்கிறது’ – இக்கூற்றை உங்கள் பட்டறிவுகொண்டு விளக்குக.