சுபுஹுக்குப் பின்னும் முகமூடி

குறட்டை என்றாலே நமக்கு நகைப்புத்தான். ஜும்ஆ பயானின்போது தூணில் சாய்ந்து கண்ணயரும் பெரியவரைக் கண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் வாசகர்களே, அப்பெரியவர் முந்தைய இரவு எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உறங்காதவராக இருக்கக்கூடும். அது அவருக்கே தெரியாமலும் இருக்கக்கூடும்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சுப்பாதையே அடைபட்டுவிடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெருஞ் செருமலுடன் மூச்சு மீளும். காலையில் எதுவும் நினைவிராது. தலைவலியும் அசதியுமே மிஞ்சும். இதனை மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்கின்றனர். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முதல் 15 முறை நிகழ்ந்தால் இலேசானது, 30க்கு மேல் போனால் கடுமையானது என்பது கணக்கு. உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இக்குறை இருப்பதாக 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹரியின் மரணத்திற்கு இந்நோயே காரணம் என்று அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தெரிவித்தார்.

இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உடையோர், உடல் பருத்தோர், கழுத்து தடித்தோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நம் விருந்துகளின் நெய்ச்சோற்றுக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முடிச்சூர், வண்டலூர்ப் பகுதிகளில் வெளிவட்டச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் அதிகாலையில் வண்டி ஓட்டுவோர் நம்மில் ஏராளம். சக்கரத்தின்முன் ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்னவாகும்? பெண்களின் நிலை வேறு. பெண் குறட்டை விடுகிறாள் என்று வெளியே சொல்ல வீட்டாருக்கே கூச்சம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. அவர்களுடைய ஓயாத அசதியை வீட்டு வேலையின் களைப்பென்றே ஒதுக்கிவிடுகிறோம்.

நோயை உறுதிசெய்ய ஓரிரவு உறக்கப் பரிசோதனை வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக விளங்குகிறது. இத்தகைய நெஞ்சக மருத்துவரிடமோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ முதலில் செல்வது நலம். கடையில் நேரே கருவி வாங்குவது முறையன்று.

சிகிச்சை எளிய தத்துவம் உடையது. 1980ஆம் ஆண்டு சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தொண்டையில் துளையிட வேண்டிய நிலையிலிருந்த ஒரு நோயாளிக்கு மூக்கின் வழியே அழுத்தமான காற்றைச் செலுத்திப் பார்த்தார். மூச்சுப்பாதை திறந்தே இருந்தது. நோயாளி அமைதியாக உறங்கினார். ஐவரிடம் கண்ட பலனை மறுஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார். சிபேப் எனப்படும் இன்றைய கருவி அதன் வழித்தோன்றலே.

தத்துவம் எளிது, பழகுவதுதான் கடினம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கருவியை ஒரே வாரத்தில் அலமாரிக்குள் வைத்துவிட்டு, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்போர் பலர். முதலிரவே எட்டு மணி நேரம் அணிய முயல்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அதற்கு மாறாகப் பகலில், விழித்திருக்கையில், நாற்காலியில் அமர்ந்து பத்து நிமிடம் கருவியை இயக்கி அணிந்து பாருங்கள். நாளிதழ் படியுங்கள். மறுநாள் இருபது நிமிடம். மூச்சு முட்டும் என்ற அச்சம் இயற்கையே. ஆயினும் வெளிமூச்சு போவதற்கு முகமூடியில் சிறு துளைகள் உள்ளன; வாயையும் மூக்கையும் மூடும் வகையில், மின்சாரம் நின்றால் வெளிக்காற்று புகும் வால்வும் உண்டு. தொடக்கத்தில் மெல்லிய காற்றும் பிறகு படிப்படியாக முழு அழுத்தமும் வரும்படி அமைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

காற்று கசிந்தால் பட்டையை மேலும் இறுக்குவதே நம் வழக்கம். அதனால் மூக்கில் புண்தான் வரும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்ய வேண்டும். தாடி வைத்த சகோதரர்களுக்கு வாயை மூடும் பெரிய முகமூடி சரியாகப் பொருந்துவது அரிது. தாடிக்கும் முகமூடிக்கும் இடையே காற்று தப்பிவிடும். மூக்கை மட்டும் மூடுவதோ, மூக்குத் துவாரங்களில் பொருந்துவதோ தமக்கு ஏற்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கருவிக்காகத் தாடியை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது.

அடுத்து நான் சொல்வதை நம் வீடுகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கனவுறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் மிகுதி. தசைகள் அப்போது மேலும் தளர்வதால் மூச்சடைப்பும் அந்நேரத்தில் கடுமையாகிறது. நாமோ தஹஜ்ஜுதுக்கும் சுபுஹுக்கும் எழுந்து முகமூடியைக் கழற்றுகிறோம். தொழுதுவிட்டு மீண்டும் சாயும்போது, "இன்னும் ஒரு மணி நேரந்தானே" என்று அதை அணிவதில்லை. மிகவும் தேவைப்படும் நேரத்தில் கருவி சும்மா கிடக்கிறது. ரமலானில் இது இன்னும் மோசம். தராவீஹுக்குப் பின் ஓர் உறக்கம், ஸஹருக்குப் பின் ஓர் உறக்கம், நண்பகலில் ஒரு கைலூலா என உறக்கம் துண்டுபடும். ஒவ்வொரு துண்டுக்கும் முகமூடி வேண்டும். கருவி மருந்தையோ பிராணவாயுவையோ செலுத்துவதில்லை. அறையின் காற்றைத்தான் அழுத்திக் கொடுக்கிறது. ஈரப்பதத் தொட்டியின் நீராவி நோன்பைப் பாதிக்குமோ என்று ஐயுறுவோர் பகலில் தொட்டியை நிறுத்திவைத்து இயக்கலாம். மார்க்கத் தீர்ப்பைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் துணைவியாரின் பங்கு பெரிது. விளக்கணைத்த அறையில் இரும்பாலான தும்பிக்கை என்று கேலி பேசினால் அந்த மனிதர் மறுநாள் அதைத் தொடமாட்டார். சுபுஹுக்குப் பின் அவர் சாயும்போது, "போட்டுக்கொண்டீர்களா?" என்று மெல்லக் கேட்டால் போதும். முகமூடியின் உட்புறத்தை நாள்தோறும் மென்சோப்பில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

தொட்டிக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆகாது, உப்பு படியும். மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் கருவியைத் தரையில் வைக்காதீர்கள். தொட்டியை நிறுத்திவிட்டால் கருவிக்கு மின்விசிறியளவு மின்சாரமே போதும். வீட்டு இன்வெர்ட்டரில் இயக்கலாம். மின்சாரம் அறவே இல்லாத இரவில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது ஓரளவு உதவும். தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது.

வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கருவியை அப்படியே மாட்டிக்கொள்வோரும் உண்டு. அதன் அழுத்தம் வேறொருவருக்காக அமைக்கப்பட்டது. மேலும் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதையக்கூடும் என்பதால் இத்தகைய கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. எனவே பழைய கருவியாயின் அதன் மாதிரி எண்ணைச் சரிபார்த்து, மருத்துவரிடம் அழுத்தத்தை மாற்றியமைத்த பின்னரே பயன்படுத்துங்கள்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுவோர் கருவியைப் பெட்டியில் போடாமல் கையோடு விமானத்தில் எடுத்துச் செல்லட்டும். மருத்துவரின் கடிதம் ஒன்றும், சவூதியின் மின்துளைக்குப் பொருந்தும் மாற்றுச் செருகியும் உடனிருக்கட்டும். தங்கும் அறையில் படுக்கைக்கும் மின்துளைக்கும் தொலைவு இருக்கலாம். நீண்ட கம்பியொன்றையும் மறவாதீர்கள்.