பழைய வீடுகளின் மரத்தளங்களைத் துப்புரவு செய்தல்: தொடங்கும் முன் அறிய வேண்டியவை

இலண்டனின் பல தெருக்களில் விக்டோரியா காலத்தையும் எட்வேர்ட் காலத்தையும் சேர்ந்த வரிசை வீடுகள் இன்றும் நிறைந்துள்ளன. இவ்வீடுகளில் பழைய கார்ப்பெட்டையோ லினோலியத்தையோ அகற்றும்போது, நூறாண்டைக் கடந்த பைன் மரப் பலகைகள் அழுக்கேறிய நிலையில் வெளிப்படுவது வழக்கம். உடனே தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மேற்பரப்பைச் சுரண்டிவிட வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். பல தளங்களுக்கு அது தேவையில்லை. நிதானமான துப்புரவே போதும். சில தளங்களிலோ, அவ்வாறு எழும் தூசி குடும்பத்தின் உடல்நலத்துக்கே கேடாகும்.

அனுமதி

வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெற்ற பின்னரே கார்ப்பெட்டை அகற்றவோ தளத்தைத் தேய்க்கவோ வேண்டும். லீஸ்ஹோல்ட் முறையில் அடுக்குமாடி வீடு வாங்கியோர் தமது உடன்படிக்கையைப் படித்துப் பார்ப்பது அவசியம். கீழ்வீட்டாருக்கு ஓசை கேளாதிருக்கத் தரையில் கார்ப்பெட் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை பல உடன்படிக்கைகளில் உண்டு.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பின், அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை ஒப்புதலின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். இது வீட்டின் உட்புறத்துக்கும் பொருந்தும். சாதாரணமாகத் துடைப்பதற்குத் தடையில்லை. பழைய பலகைகளைக் கழற்றுவதற்கோ ஆழமாகத் தேய்ப்பதற்கோ முன்னர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவிடம் கேட்க வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

ஈயம்: அக்காலத்தில் அறையின் நடுவில் விரிப்பை இட்டு, சுவரோரப் பலகைகளுக்கு மட்டும் வண்ணமோ வார்னிஷோ பூசும் வழக்கம் இருந்தது. விரிப்பை எடுத்ததும் சுவரோரம் தெரியும் கருமையான பட்டை இதுவே. பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம். இத்தகைய பூச்சைத் தேய்த்தால் நுண்ணிய ஈயத்தூசி வீடெங்கும் படியும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைகளே அதனால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு எதுவும் இல்லை. வீட்டுப் பராமரிப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஈயச் சோதனைப் பொதிகள் கிடைக்கின்றன. ஈயம் இருப்பதாகத் தெரிந்தால் தேய்த்தலும், வெப்பக்காற்றுக் கருவியால் பூச்சை உரித்தலும் கூடாது.

கல்நார்: கார்ப்பெட்டின் கீழே பழைய சதுர ஓடுகளோ, அவற்றை ஒட்டிய கரிய பசையோ காணப்பட்டால் அவற்றில் அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார் இருக்கக்கூடும். ஐக்கிய இராச்சியத்தில் அதன் பயன்பாடு முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இலேயே. இவற்றைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். தகுதி பெற்றோரைக் கொண்டு பரிசோதித்த பின்னரே வேலையைத் தொடர வேண்டும். இக்கழிவை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடலாகாது. அகற்றும் முறையை மன்றத்திடம் கேட்டறியலாம்.

உளுப்பும் ஈரமும்: பலகையில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அளவான துளைகளும் அவற்றருகே மாப்போன்ற புதிய தூளும் இருந்தால், மரப்புழு இன்னும் உயிருடன் இருக்கிறது எனக் கொள்ளலாம். மிதிக்கும்போது தளம் அமிழ்ந்தாலோ பூஞ்சண நாற்றம் வந்தாலோ, அடியிலுள்ள சட்டங்கள் உக்கியிருக்கக்கூடும்.

துப்புரவு செய்யும் முறை

துருத்தி நிற்கும் ஆணிகளையும் கார்ப்பெட் முட்களையும் குறட்டினால் பிடுங்கிவிட வேண்டும். பின்னர், மென்மையான தூரிகை பொருத்திய வெக்யூம் கருவியால் பலகை இடைவெளிகளிலுள்ள தூசியை எடுக்க வேண்டும். ஈயம் உள்ள இடத்தில் சாதாரணக் கருவி நுண்தூசியை மீண்டும் காற்றில் விடும் என்பதால், ஹெப்பா வடிகட்டி உடைய கருவியையும் ஈரத்துணியையுமே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது ஈரத்துப்புரவு. சீமெந்துத் தரையை வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவிப் பழகியோர் இங்குதான் தவறிவிடுகின்றனர். இப்பலகைகள் மண்மீது கிடப்பவை அல்ல. வெற்றிடத்தின் மேல் மரச்சட்டங்களில் தாங்கி நிற்பவை. ஊற்றிய நீர் இடைவெளிகளூடே இறங்கிச் சட்டங்களில் தங்கும். பலகை ஊதி வளையும். ஈரம் நீடித்தால் மரம் உக்கும். ஆகவே, வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு மென்சவர்க்காரத்தைக் கலந்து, நன்கு பிழிந்த துணியால் மரத்தின் இழையோட்டத்தின் வழியே துடைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு சதுர மீற்றர் பரப்பு போதும். அதனைத் தூய நீரில் பிழிந்த துணியால் மீண்டும் துடைத்து, உலர்த்தியபின் அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

பழைய மெழுகுப் படிவு வைட் ஸ்பிரிட் தோய்த்த துணிக்கு இளகும். அவ்வேளையில் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். குத்துவிளக்கு, சாம்பிராணி, அடுப்பு எதுவும் எரியலாகாது. ஆணிகளைச் சுற்றியுள்ள கருங்கறை மரத்தின் முதுமைக்குரியது. அதனை அகற்ற முயல வேண்டியதில்லை.

தூய்மையான தளம் நன்கு உலர்ந்தபின் மெழுகோ எண்ணெயோ பூசலாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியே விரித்து நன்கு உலர்த்திய பின்னரே எறிய வேண்டும்.

காற்றுத் துளைகள்

வெளிச்சுவரின் அடியிலுள்ள துளையிட்ட செங்கற்கள் தளத்தின் கீழ் காற்றோட்டம் தருவதற்காக அமைந்தவை. குளிருக்கு அஞ்சி அவற்றை அடைத்தால் ஈரம் தேங்கும். பலகைகளுக்கு இடையிலான இடைவெளிகளை மட்டும் அடைப்பதே முறை.

உதவி பெறுதல்

தளத்தைத் தாங்கும் சட்டங்கள் உக்கியிருப்பின் அது கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதாகும். 7 ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் அதனைத் திருத்தும் கடமை, 1985ஆம் ஆண்டு நிலவுடைமையாளர் மற்றும் வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வீட்டு உரிமையாளருக்கே உரியது. பழுதை எழுத்தில் தெரிவித்து, அதன் பிரதியையும் நிழற்படங்களையும் வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் கவனிக்காவிடின் மன்றத்தின் தனியார் வீடமைப்புப் பிரிவை நாடலாம். குழந்தை பழைய வண்ணத் துகள்களை விழுங்கியதாக ஐயம் எழுந்தால் தாமதியாது குடும்ப மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஈயத்தின் அளவை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.