மூக்கை மாற்ற மறுத்தவர்!

சில பேருக்கு முகமே விசிட்டிங் கார்டு. லீ வான் கிளீஃபின் முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பருந்து மூக்கு, கத்தியால் கீறின மாதிரி இடுங்கிய கண்கள். அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே நமக்கு 'யாரையோ போட்டுத்தள்ளப் போறான்யா' என்று வயிற்றைக் கலக்கும்.

1952-ல் வந்த 'ஹை நூன்' அவருடைய முதல் படம். 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகத்தில் அவரைப் பார்த்த தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர், உதவி மார்ஷல் வேஷம் தர முன்வந்தாராம். ஒரே ஒரு நிபந்தனை: மூக்கை ஆபரேஷன் செய்து திருத்திக்கொள்ள வேண்டும். 'அதெல்லாம் முடியாது' என்றுவிட்டார் நம்மாள். சினிமாவில் நுழையக் காத்திருக்கும் ஒருவர் இப்படிச் சொல்வதற்கு எத்தனை தில் வேண்டும்! விளைவு? அந்த வேஷம் லாயிட் பிரிட்ஜஸுக்குப் போனது. இவருக்குக் கிடைத்தது வில்லனின் கையாள் வேஷம். படம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஆனால் படம் தொடங்கும்போது பாறைமேல் உட்கார்ந்து காத்திருக்கும் முகம் அவருடையதுதான்!

அப்புறம் பத்து வருஷத்துக்கு அடியாள், அடியாள், அடியாள். ஹீரோ கையால் செத்துச் செத்துப் பிழைத்தார். 1958-ல் ஒரு கார் விபத்து. முழங்கால் நொறுங்கியது. 'இனி குதிரை ஏற முடியாது' என்றார்கள் டாக்டர்கள். கௌபாய் பட வில்லனுக்குக் குதிரை இல்லையென்றால் என்ன மிச்சம்? மெல்ல மெல்லத் தேறி மறுபடி சேணத்தில் உட்கார்ந்தார், வாய்ப்புகள்தான் வற்றிப்போயின. தூரிகையை எடுத்துப் படம் வரைய ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே வந்தார். அவர் பேசி வைத்திருந்த லீ மார்வின் 'கேட் பல்லூ'வுக்குப் போய்விட, அதிர்ஷ்டம் இவர் வீட்டுக் கதவைத் தட்டியது. 1965-ல் 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்'. கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சமமான வேஷம். தங்கைக்காகப் பழிவாங்கிவிட்டு, பணம் வேண்டாம் என்று குதிரையேறிப் போகும் கர்னல் மார்ட்டிமர். நாற்பது வயசில், வேண்டாம் என்று சொல்லப்பட்ட அதே மூக்கோடு ஸ்டாரானார்!

மறுவருஷமே 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யில் ஈவிரக்கமில்லாத கொலைகாரன். அந்தக் கிராதகனாக நடித்தவர், ஒரு பெண்ணை அறையும் காட்சியில் மட்டும் கை ஓங்க மறுத்துவிட்டாராம். டூப் போட்டுத்தான் எடுத்தார்கள்.

கல்லறை மைதானத்து மூன்று பேர் சண்டையில் துப்பாக்கியருகே போகும் அவர் வலது கையை உற்றுப் பாருங்கள். நடுவிரலில் நுனி இருக்காது! மகளுக்கு விளையாட்டு வீடு கட்டும்போது போனதாம். நான் இதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "படம் பாக்கறீங்களா, விரல் எண்றீங்களா?" என்றாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அட பாவமே! இந்த ஆளையா நான் இவ்ளோ நேரம் திட்டிண்டிருந்தேன்?" என்றாள்.

1989 டிசம்பரில் மாரடைப்பில் இறந்தார். வயது 64. கல்லறையில் பெயருக்குக் கீழே 'கெட்டவர்களில் மிகச் சிறந்தவர்' என்று பொறித்திருக்கிறார்கள்.