ஆற்றுப்படுத்துதல்: ஒரு சொல்லும் ஓர் அறையும்

பெருங்குடியில் ஒரு பள்ளி. கேட் ஓரமாக நின்றிருந்த அம்மா என்னைக் கேட்டார்: "கவுன்சிலரப் பாத்துட்டுப் போகச் சொல்லி விட்டாங்க. நம்ம வார்டு கவுன்சிலரா சார் இங்க வந்திருக்காரு?" சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2011இல் பெருங்குடி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து தண்ணீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் போய் நிற்க வேண்டிய ஆளின் பெயர் அது. 'கவுன்சிலிங்' என்றாலோ தமிழ்நாட்டில் வேறொரு காட்சி வரும்: பொறியியல் இடத்துக்காக அண்ணா பல்கலைக்கழகத்தில் வெளியூர்க் குடும்பங்கள் காத்துக் கிடந்த காட்சி. 2018இலிருந்து அது கணினிவழிக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. அங்கே யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. மார்க் வரிசைப்படி இடம் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். ஒதுக்கீட்டுக்கு ஆலோசனை என்று பெயர் வைத்துக்கொண்ட சமூகத்தில், ஆலோசனை என்ற பெயரில் நடப்பது என்ன என்று கேட்டாக வேண்டும்.

அந்தப் பள்ளியில் நான் அப்போது தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு நாள் வருகிற ஆலோசகருக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. பாதி அறையில் பழைய விடைத்தாள் கட்டுகள். ஆலோசகரை அலுவல் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறோம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தச் சொல் உறுத்தாமல் போகாது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ, வழியில் பசியோடு எதிர்ப்படும் இன்னொருவனிடம், 'இப்படிப் போ, இன்னாரைப் பார்' என்கிறான். வழி காட்டுபவன் நியமிக்கப்பட்டவன் அல்லன். நேற்றுவரை அதே பசியில் கிடந்தவன். சொல்வதும் பொத்தாம்பொதுவாக இல்லை. எந்த நிலத்தில் யார் சோறு போடுவார்கள், மலைப்பாதையில் எங்கே கால் வழுக்கும், எங்கே பொறி வைத்திருப்பார்கள் என்பது வரைக்கும் வருகிறது. ஆற்றுப்படை வள்ளலைப் புகழக் கட்டிய பாட்டு, கையேந்துவதை அழகாக்கிக் காட்டும் பாட்டு என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் வழி தெரிந்தவன் வழி தெரியாதவனுக்குச் சொல்வது என்ற அமைப்பு அதில் இருக்கிறது.

நம் பள்ளிகளில் இந்தச் சொல்லை வேறு மாதிரிதான் வாசித்து வைத்திருக்கிறார்கள். வழி என்ற 'ஆறு' நழுவி, சூட்டை ஆற்றுவது, அழுகையை ஆற்றுவது என்ற பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது. கோபப்படுகிற பையனை ஆற்று, அழுகிற பெண்ணை ஆற்று, வகுப்புக்குத் திருப்பி அனுப்பு. வகுப்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இதன் வரலாறும் அப்படி ஒன்றும் கள்ளம் கபடமற்றது அல்ல. 1908இல் பாஸ்டனில் ஃப்ராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டி மையத்தைத் தொடங்கினார். தன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்து என்பது அவர் முறை. புலம்பெயர்ந்து வந்த ஏழைப் பிள்ளைகள் மேல் அவருக்கு அக்கறை இருந்தது உண்மை. ஆனால் ஆலைகள் பெருகிய நகரத்தில், எந்த ஆளை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்விக்கும் அதே முறை விடையானது. இங்கே, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1953இலேயே பள்ளிகளில் வழிகாட்டுதல் வேண்டும் என்றது. 1966இல் கோத்தாரி ஆணையம் குறைந்தபட்சமாகப் பத்துப் பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகர் என்றது. 2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அதன் பிறகு இங்கே வந்தவை பத்து நடமாடும் ஆலோசனை வண்டிகள், மாநிலம் முழுவதுக்கும். பத்துப் பள்ளிக்கு ஓர் ஆள் என்ற கணக்கு எங்கே, ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டம் என்ற கணக்கு எங்கே! 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதிபெற்ற ஆலோசகர் வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆள் வரட்டும். வந்து என்ன செய்வார்?

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இந்த அறையைப் பார்த்ததும் 'பாவமன்னிப்புக் கூண்டு' என்பார்கள். பேச வைப்பதும் அதிகாரம்தான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுகிற வாசிப்பு நமக்குச் சுலபமாக இருக்கிறது, பிள்ளைக்கு உதவுவதில்லை. பேசவே இடமில்லாத பிள்ளைக்கு அந்த இருட்டறையும் ஓர் இடம்தான். கேட்க வேண்டியது, அங்கே பேசியது எங்கே போகிறது என்பது. ஆலோசகரின் நோட்டைத் தலைமையாசிரியர் எடுத்துப் படிக்கிற பள்ளியை எனக்குத் தெரியும். அங்கே இரண்டாம் மாதமே பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். மறுபக்கம், பாலியல் வன்முறை என்று தெரிந்தால் ரகசியம் காக்க ஆலோசகருக்கு உரிமையே கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு: காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். அப்படியானால் 'யார்ட்டயும் சொல்ல மாட்டேன்' என்று ஆரம்பிப்பதே பொய். எதைச் சொல்ல மாட்டேன், எதைச் சொல்லியே தீருவேன் என்பதைப் பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மாவின் பையன் பத்தாம் வகுப்பு. வீடு கண்ணகி நகர். 2000த்திலிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம். விலாசத்தைச் சொன்னால் வேலை தர மாட்டார்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அம்மா பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் துப்புரவுப் பணி. விடியுமுன் கிளம்பினால்தான் ஷிப்டு. தங்கச்சியை எழுப்பி, குளிப்பாட்டி, தண்ணி பிடித்து வைத்துவிட்டு இவன் வருவான், வந்து தூங்குவான். படிவத்தில் 'கவனக் குறைவு' என்று எழுதியிருந்தது. எடுத்த நடவடிக்கை: ஆலோசனை வழங்கப்பட்டது. ஆலோசகரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மணியைத் தள்ளிவைக்கவோ அம்மாவின் ஷிப்டை மாற்றவோ அவருக்கு ஏது அதிகாரம்?

ஒருவரும் ஆற்றாமல், வழியை மட்டும் திறந்துவிட்டதால் நடந்த காரியம் ஒன்று உண்டு. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவர்கள் ஓராண்டு வீணாகாமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்று 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏற்பாடு வந்தது. 1986இல் சென்னையில் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதை வலியுறுத்தியவர்களில் ஒருவர். தோற்றவனிடம் 'மனசை விடாதே' என்று சொல்வதும், அடுத்த தேர்வுத் தேதியைக் கையில் கொடுப்பதும் ஒன்றல்ல. தொலைபேசியில் ஆறுதல் சொல்கிறவர்களின் மையத்தைத் தொடங்கியவரே தேர்வு முறையை மாற்றச் சொல்லிக் கேட்டார் என்பது நம் ஆலோசகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அந்தப் பையனுக்கு வழி சொன்னது நானுமில்லை, ஆலோசகருமில்லை. அவன் பிளாக்கிலேயே இருந்த அண்ணன் ஒருவன். தரமணி மத்திய பாலிடெக்னிக்கில் படித்தவன். பத்தாவது முடித்தாலே அங்கே சேரலாம், முதல் பட்டதாரிச் சான்றிதழை இப்போதே வாங்கி வை, ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவனுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குக் கட்டணத்தை அரசே கட்டும், எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் காலையிலேயே போய் நிற்க வேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். 2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தில் இவ்வகைத் தகவல்கள் உண்டு. ஆனால் எந்த ஜன்னல் என்பது போய் நின்றவனுக்குத்தான் தெரியும். அடுத்த முறை ஆலோசகர் வந்தபோது, அந்த அண்ணனை ஒருநாள் பள்ளிக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "வெளியாளை உள்ளே விடமாட்டாங்க சார்" என்றார்.