இத்தாலிய மொழி படிப்பது வேறு, இத்தாலியில் படிப்பது வேறு



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் அண்மைக் காலமாக ஒரு நாட்டின் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அமெரிக்காவோ லண்டனோ அல்ல, இத்தாலி. தில்லை நகர் மெயின் ரோட்டிலும் சாஸ்திரி ரோட்டிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் மையங்களின் பலகைகளைப் பார்த்துவிட்டு, "அங்கே ஃபீஸே இல்லையாமே, உண்மையா?" என்று கேட்கும் பெற்றோர் பலர். இவர்களுக்கு நடுவில் ஒரு மனு மட்டும் தனித்து நின்றது. நம் பகுதி மாணவி ஒருவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழியையே பாடமாக எடுத்து பி.ஏ. ஆனர்ஸ் படிக்க விரும்புகிறார். கூட வந்த அவருடைய அத்தா, "இதைப் படித்து என்ன செய்வது? மார்க்கத்துக்கு இடைஞ்சல் வராதா?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்நிய மொழி கற்பது நமக்குப் புதிதல்ல. "சீனா சென்றேனும் கல்வி தேடுங்கள்" என்பதை மேடைதோறும் சொல்கிறோம்; ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்கிறார்கள். அதைவிட உறுதியான ஆதாரம் திர்மிதியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றுக்கொண்டு, கடிதப் போக்குவரத்தைக் கவனித்தார்கள். இதை ஏன் மேடைகளில் அதிகம் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இத்தாலிக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவும் பழையது. வீரமாமுனிவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தக் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்தவர். கிறிஸ்தவ சமயப் பணிக்காகத் தமிழகம் வந்து, திருச்சிக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் இருந்தார். தமிழில் அகராதியும் இலக்கணமும் காவியமும் எழுதினார். இன்று நாம் ஏகார ஓகாரங்களுக்குப் போடும் இரட்டைச் சுழிக் கொம்பு அவர் செய்த சீர்திருத்தம். திருச்சி சந்தா சாகிப் கைக்கு வந்தபோது, அவரிடம் பேசுவதற்காகவே பெஸ்கி பாரசீகமும் உருதுவும் கற்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் சந்தா சாகிபின் அடக்கத்தலத்தை அங்கே பார்த்திருப்பீர்கள். ஓர் இத்தாலியர் இங்கு வந்து தமிழையும் நம் நவாபின் மொழியையும் கற்றார் என்றால், இங்கிருந்து ஒரு பிள்ளை அவர் மொழியைக் கற்கப் போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி படிப்பைப் பற்றி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய, ரோமானிய மொழிகளுக்கென்று ஒரு துறை இருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகியவற்றோடு இத்தாலியனையும் அங்கே பட்டப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். முன்பே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள். சேர்க்கை சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு வழியாக. முழுப் பட்டம் வேண்டாம், வேறு பாடத்தோடு சேர்த்து மொழியை மட்டும் கற்றால் போதும் என்பவர்களுக்குத் தில்லியிலேயே ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் சான்றிதழ், டிப்ளமா வகுப்புகள் உண்டு.

முதல் ஆண்டு பெரும்பாலும் எழுத்து, உச்சரிப்பு, வினைச்சொல். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இத்தாலிய எழுத்துகள் மொத்தம் 21. ஆங்கிலம் போல எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற தொல்லை மிகக் குறைவு. ஒற்று இரட்டித்தால் பொருளே மாறிவிடும். நமக்குக் கனி வேறு, கன்னி வேறு. அவர்களுக்குப் 'பேனா' என்றால் வேதனை, 'பென்னா' என்றால் எழுதும் பேனா. ஆங்கிலேயர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், நம் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள். வினைச்சொல் மாற்றங்கள்தான் கடினம். மதரஸாவில் 'ஸர்ஃப்' பாடத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அதுவும் பழகிய வேலை.

அடுத்த ஆண்டுகளில் இலக்கியமும் வரலாறும் வருகின்றன. நமக்கு நன்றாக விளங்கக்கூடிய ஒரு பிரச்சினை அங்கே மையமாக நிற்கிறது. வீட்டுப் பேச்சு ஒன்று, ஏட்டு மொழி இன்னொன்று. 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது, ஏட்டு இத்தாலியனைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று மொழியியல் அறிஞர் துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். மற்றவர்கள் வெனிஸ் பேச்சு, நேபிள்ஸ் பேச்சு, சிசிலிப் பேச்சு என்று தத்தம் ஊர்ப் பேச்சிலேயே வாழ்ந்தார்கள். மான்சோனி என்ற நாவலாசிரியர் அச்சில் வந்துவிட்ட தம் நாவலை, ஃப்ளாரன்ஸ் மக்களின் பேச்சைக் காதால் கேட்டு மறுபடி திருத்தி எழுதினார். செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், கொடுந்தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணம் என்று பெஸ்கி எழுதியதற்கு அவர் பிறந்த மண்ணின் இந்த நிலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நம் சமுதாயத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் கிடைக்கும் பெரிய புதையல் சிசிலி. கி.பி. 827-இல் முஸ்லிம்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். நார்மன்கள் முழுத் தீவையும் பிடித்து முடித்தது 1091-இல். ஆட்சி மாறிய பின்னும் அறிவு மாறவில்லை. நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் பலெர்மோ அரண்மனையில் இருந்துகொண்டுதான் அல்-இத்ரீசி 1154-இல் தம் பெரும் புவியியல் நூலை முடித்தார். பலெர்மோ பேராலயத்தின் முகப்புத் தூண் ஒன்றில் இன்றும் அல்-அஃராஃப் சூராவின் 54-ஆம் வசனம் செதுக்கப்பட்டிருக்கிறது. தீவை இழந்த துயரத்தை அரபியில் பாடிய இப்னு ஹம்தீஸ் அந்த மண்ணின் பிள்ளை. இந்த வரலாறு முழுவதையும் அரபி மூலங்களிலிருந்து தொகுத்து எழுதியவர் முஸ்லிம் அல்ல, மிக்கேலே அமாரி என்ற சிசிலிக்காரர். 1854-இல் முதல் பாகம் வந்தது, வேலை முடிய 1872 ஆயிற்று.

அன்றாட இத்தாலியனிலும் அந்தக் காலத்தின் அடையாளம் அழியவில்லை. சுங்கச் சாவடிக்கு அவர்கள் சொல்லும் 'தொகானா' நமக்குத் தெரிந்த 'திவான்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கிடங்குக்குச் சொல்லும் 'மகஸ்ஸீனோ' அரபியின் 'மஃக்ஸன்', பன்மையில் 'மஃகாஸின்'. சர்க்கரை 'ஸுக்கர்' ஆகி 'சுக்கெரோ' ஆனது. பருத்தி 'குத்ன்' ஆகி 'கொத்தோனே' ஆனது. சிசிலியில் 'கல்தா' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களைக் கேட்டால், கோட்டை என்று பொருள்படும் 'கல்ஆ' காதில் விழும். அரபி ஓரளவு தெரிந்த மாணவர், மற்றவர்கள் மனப்பாடம் செய்யும் சொற்களை ஏற்கெனவே தெரிந்த சொற்களாகச் சந்திப்பார். இத்தாலியனும் அரபியும் சேர்ந்து தெரிந்த ஆய்வாளர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. மேற்படிப்புக்கு இது நல்ல வாசல்.

அத்தாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. இத்தாலிய இலக்கியம் என்றால் தாந்தே (1265–1321). அவருடைய 'தெய்வீக நாடகம்' படிக்காமல் அந்தப் பட்டம் கிடையாது. அதன் நரகப் பகுதியில் 28-ஆம் காண்டத்தில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களையும் அலீ (ரலி) அவர்களையும் பற்றி நம்மால் சகிக்க முடியாத வகையில் எழுதியிருக்கிறார். சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பா இஸ்லாத்தைப் பற்றி எவ்வளவு பொய்யான தகவல்களை வைத்திருந்தது என்பதற்கு அது சான்று. அதே நூலில் இப்னு சீனா, இப்னு ருஷ்து, ஸலாஹுத்தீன் மூவரையும் தண்டனையில்லாத இடத்தில், கிரேக்க ஞானிகளோடு மரியாதையாக வைத்திருக்கிறார்.

இதற்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. மிஃராஜ் பயணத்தைப் பற்றிய ஒரு நூலை, தாந்தே பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1264-இல் ஸ்பெயின் அரசவையில் சியேனா நகரைச் சேர்ந்த பொனவெந்தூரா மொழிபெயர்த்தார். தாந்தேயின் மறுமைப் பயணக் கதைக்கு மிஃராஜ் செய்திகளே முன்மாதிரி என்று 1919-இல் வாதிட்டவர் ஒரு ஸ்பானியப் பாதிரியார், மிகேல் ஆசின் பலாசியோஸ். அந்த மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து 1949-இல் வெளியிட்டவர் இத்தாலிய அறிஞர் செருல்லி. தாந்தே அதைப் பார்த்தாரா இல்லையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. விவாதத்தில் எழுந்து பேச அந்த வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவியும் இருக்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சீராவை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். 28-ஆம் காண்டம் பாடத்தில் வரும் நாளில் திடுக்கிட்டு நிற்காமல், அது வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கேள்விக்குப் பதில்: வேலை. பட்டம் வாங்கியதும் அரசு வேலை காத்திருக்கும் படிப்பு அல்ல இது. மொழிபெயர்ப்பு, சுற்றுலா, தூதரகப் பணி, கற்பித்தல் என்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் குறுகலான வழி. நம் சமுதாயத்துக்கு மட்டும் ஓர் அகலமான வழி தெரிகிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தோல் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தத் தொழிலில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நம் ஊர் ஜமால் முகமது கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவரே தோல் வணிகர். உலகில் தோல் பதனிடும் இயந்திரங்களுக்கும் காலணி வடிவமைப்புக்கும் பெயர் பெற்ற நாடு இத்தாலி. அர்சிஞ்ஞானோ, சாந்தா குரோச்சே போன்ற ஊர்கள் அவர்களுடைய வாணியம்பாடிகள். மிலான் நகரில் நடக்கும் லீனெயப்பெல்லே தோல் கண்காட்சிக்கு நம் வணிகர்கள் போய் வருகிறார்கள். பெரிய ஒப்பந்தம் ஆங்கிலத்தில் முடிந்துவிடும். இயந்திரம் பழுதானால் அங்கிருந்து வரும் மெக்கானிக்கோடு பேச இத்தாலியன் வேண்டும். ஆகவே மொழிப் பட்டத்தோடு வணிகவியலிலோ ஏற்றுமதி நடைமுறையிலோ ஒரு டிப்ளமாவும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த மாணவிக்குச் சொன்னேன்.

இப்போது "ஃபீஸே இல்லையாமே" என்பவர்களுக்கு. பாதி உண்மை. இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்குள்ள மாநில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. கிடைத்தால் கட்டணம் விலகும், கைச் செலவுக்குப் பணமும், சாப்பாடு, விடுதிச் சலுகையும் வரும். வட்டிக் கடனுக்குப் போகாமல் பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. ஆனால் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, போட்டி உண்டு. கிடைத்தாலும் முதல் தவணை போய்ச் சேர்ந்த சில மாதங்கள் கழித்துத்தான் வரும். முதல் ஆண்டில் குறித்த அளவு கிரெடிட் எடுக்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கு ஆறாயிரம் யூரோவுக்கு மேல் கையிருப்பு காட்ட வேண்டும். அதைக் காட்ட வட்டிக்கு வாங்குகிறவர்கள், எதிலிருந்து தப்ப நினைத்தார்களோ அதிலேயே விழுகிறார்கள்.

ஆங்கில வழிப் பாடம்தானே, இத்தாலியன் எதற்கு என்றும் ஆலோசனை மையங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். வகுப்புக்கு ஆங்கிலம் போதும். வீட்டு உரிமையாளரிடம், மருத்துவமனையில், போய்ச் சேர்ந்த எட்டு வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டிய தங்கும் அனுமதிக்கு, பகுதி நேர வேலைக்கு இத்தாலியன்தான். இத்தாலிய வழிப் பாடம் என்றால் பொதுவாக பி2 நிலைச் சான்று கேட்பார்கள். ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் இந்தப் படிகளுக்குச் சியேனா பல்கலைக்கழகம் சில்ஸ் தேர்வையும், பெருஜா பல்கலைக்கழகம் செலி தேர்வையும் நடத்துகின்றன. இரண்டுமே வெளிநாட்டவருக்கு இத்தாலியன் கற்பிப்பதற்கென்றே ஏற்பட்ட பல்கலைக்கழகங்கள். தில்லியிலும் மும்பையிலும் இத்தாலிய அரசின் பண்பாட்டு மையங்கள் இருக்கின்றன. வகுப்பு, தேர்வு பற்றிய சரியான தகவலை அங்கே நேரடியாகக் கேளுங்கள், இடைத்தரகருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

நம் அறக்கட்டளை உதவியை நாடுபவர்கள் கவனிக்க: இத்தாலி செல்ல விரும்புவோர் குறைந்தது ஏ2 நிலை வரை மொழி கற்ற சான்றோடு வாருங்கள். குடும்ப வருமானச் சான்று, சொத்து விவரம், குடும்ப அட்டை மூன்றையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். உதவித்தொகைக்கு இவற்றை மொழிபெயர்த்து, அப்போஸ்டில் முத்திரை பெற்றுத் தர வேண்டியிருக்கும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றில் வேறு விதமாகவும் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். முஹம்மது, முகமது, மொஹமத் என்று ஒரே வீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறோம். தில்லியில் இத்தாலியன் படிக்க விரும்பும் பிளஸ் டூ மாணவ மாணவியர் சி.யு.இ.டி. விண்ணப்ப அறிவிப்பு வந்த வாரத்திலேயே அலுவலகத்துக்கு வந்தால், விண்ணப்பம் பூர்த்தி செய்ய இன்ஷா அல்லாஹ் நானே உடனிருந்து உதவுகிறேன். மனு கொடுத்த அந்த மாணவிக்குத் தேர்வுக் கட்டணமும் முதல் முறை தில்லி போய்வரும் செலவும் தர நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. விடுதிச் செலவை ஏற்கக்கூடிய நல்லுள்ளங்கள் என்னிடம் தெரிவிக்கலாம்.